பின்சுவர் ஏணி

கொன்னம்பேடு காலனி,
கவரைப்பேட்டை அஞ்சல்.
16.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். இங்கு நைனா, அம்மா, நான், ஸ்டீவன் எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. நீ சிஸ்டராகப் பயிற்சி எடுக்கும் நவதுறவு இல்லத்துக்கு வரும் கடிதங்களை மதர் படித்த பிறகுதான் தருவார்கள் என்றாய். ஆகவே மதருக்கு என் வணக்கம். இனி எழுதுவது அக்காவுக்கு.

அம்மா ஊராட்சித் தலைவராகி நாலரை வருடம் ஆகிறது. இதுவரை மேலிடத்தில் கேட்டது கழிப்பறைக் கணக்கு, குப்பைக் கணக்கு. இப்போது கூரைக் கணக்கு. திருவள்ளூருக்குக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். எந்த ஊராட்சியில் அதிக வீடுகளின் கூரையில் சோலார் ஏறுகிறதோ அதற்கு மாவட்டக் கேடயம், கூடவே ஊர்ப் பணிகளுக்குப் பரிசு நிதி. மழைக்காலம் வரை போட்டி.

அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகம் கூடக் கழுவவில்லை. "டேய் ஜோசு, நைட் ஷிப்டு முடிச்சி வர்றவன் பகல்ல எப்டி தூங்கறான்னு பாத்துகினுதான கீற? சூளைக்குள்ள படுத்த மாதிரி. அத்தக் கூரை மேல போட்டா நெழலுக்கு நெழலு, ஃபேனுக்குக் கரண்டு. மொதல்ல நம்ம காலனிக்குத்தான்" என்றது.

உனக்குத் தெரியும். நைனா ரோலிங் மில்லில் இரவெல்லாம் நெருப்புப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்து படுக்கும் நேரத்தில் வயல் மோட்டார்கள் ஓடத் தொடங்கும், கரண்டு இறங்கிவிடும். நம் வீட்டு விசிறியின் இறக்கைகள் தனித்தனியாகத் தெரியும். காலனியில் பாதி ஆண்கள் அப்படித்தான் படுக்கிறார்கள், ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு.

புதன்கிழமைதோறும் ஊராட்சி அலுவலகத்தில் முகாம். மின்வாரியத்துக்காரர், பேங்க்காரர், கம்பெனிக்காரர் மூவரையும் அம்மா ஒரே மேசையில் உட்கார வைத்துவிட்டது. மனு, பரிசோதனை, கையெழுத்து எல்லாம் ஒரே இடத்தில். ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம். உள்ளூர்ப் பையன்களுக்கே வேலை தரவேண்டும் என்று கம்பெனியிடம் கறாராகச் சொல்லி என்னையும் ஸ்டீவனையும் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறது. ஐ.டி.ஐ. படித்து முடித்ததற்கு இப்போதுதான் கையில் டெஸ்டர் பிடிக்கிறேன்.

எங்களுக்காக ஜெபித்துக்கொள்.

அன்புத் தம்பி,
ஜோஷ்வா

அக்கா, ஸ்டீவன் எழுதறேன். அண்ணன் எனக்கு மடிக்கிற ஓரத்துலதான் எடம் வுட்டான். மஞ்சக் கலர்ல ஹெல்மெட்டு குடுத்தாங்க. போட்டுகினா எலுமிச்சம்பழம் நடந்து வர்ற மாதிரி கீதுன்னு அம்மா சிரிக்குது.


நவதுறவு இல்லம்,
மணப்பாறை வழி.
7.7.2024

அன்புத் தம்பிகள் ஜோஷ்வாவுக்கும் ஸ்டீவனுக்கும்,

ஆண்டவரின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. நான் நலம். மதர் உன் வணக்கத்தைப் படித்துச் சிரித்தார்கள்.

அம்மாவை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. நைனா பகலில் நன்றாகத் தூங்கும் நாளுக்காக வேண்டிக்கொள்கிறேன்.

இங்கும் மொட்டைமாடியில் சோலார் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதைத் துடைக்கும் பொறுப்பும், மாட்டுக்கொட்டகைப் பொறுப்பும் எனக்கும் தர்மபுரியிலிருந்து வந்த ஒரு சகோதரிக்கும் தரப்பட்டிருக்கின்றன. மற்றவர்கள் நூலகத்திலும் பாடற்குழுவிலும் இருக்கிறார்கள். எல்லா வேலையும் ஜெபம்தான் என்று மதர் சொல்வார்கள். நான் பாடுவேன் என்பது உனக்கு நினைவிருக்கும். பரவாயில்லை, மாடுகளுக்குப் பாடுகிறேன்.

டிசம்பர் எட்டாம் தேதி முதல் வார்த்தைப்பாடு, நான் துறவற உறுதிமொழி எடுக்கும் நாள். எல்லோரும் வரவேண்டும். ஸ்டீவன், ஹெல்மெட்டைக் கழற்றாதே.

கிறிஸ்துவில் அன்புள்ள அக்கா,
சுகிர்தா


கொன்னம்பேடு காலனி
28.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உடம்பெல்லாம் நலம். மனசுதான் சரியில்லை.

காலனிக் கூரைகளைப் பரிசோதிக்க என்ஜினியர் வந்தார். நம் வீட்டில்தான் தொடங்கினார். உள்ளே நின்று சுத்தியலால் கூரையின் அடிப்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டினார். சட்டி அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. துருப்பிடித்த கம்பி பல்லைக் காட்டியது. "இதும் மேல காக்கா உக்காந்தாலே எனக்கு பயமாக்கீது. பேனலா?" என்றார். எல்லாத் தொகுப்பு வீடுகளுக்கும் அதே தீர்ப்பு. காலனியில் ஒரு கூரை கூடத் தேறவில்லை.

இந்த வீடுகளைக் கட்டிய கான்ட்ராக்டர் யாரென்று நைனாவிடம் கேட்டேன். அப்பாவு. அப்போது ஊராட்சித் தலைவரும் அவர்தான், இப்போதைய துணைத் தலைவர் வெங்கடேசனின் அப்பா. நைனா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பகல்ல சிமென்டு மூட்டை காலனிக்கு வரும். பொழுது சாஞ்சா அவுரு ஊட்டு மாடிக்குப் பூடும். எங்க ஊட்டுக்கு ஏரி சவுடு மண்ணு." யார் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டேன். "நான்தான். கூலிக்குத் தூக்கனேன். எங்க ஊட்டு சிமென்டுன்னு தெரிஞ்சேதான் தூக்கனேன்."

ஒன்றிய அலுவலகத்திலிருந்து அம்மாவுக்குப் போன். "காலனி இல்லன்னா ஊர்த்தெரு பாரும்மா. எங்களுக்கு நம்பர்தான் வேணும்." மறுநாள் அம்மா ஒரு முடிவோடு எழுந்தது. ஊர்த்தெரு மாடிகளை வைத்துக் கேடயத்தை வாங்குவது. வரும் பரிசு நிதியில் காலனிக் கூரைகளை இடித்துப் புதிதாகப் போடுவது. அதன் மேல் சோலார். ஜனவரி ஐந்தோடு அம்மாவின் பதவி முடிகிறது. அதற்குள் எல்லாம் நடக்கவேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜோஷ்வா

அக்கா, அந்தக் காரை வுழுந்தது என் சோத்துத் தட்டுல. உப்பு கரெக்டா இருந்துச்சி. - ஸ்டீ.


கொன்னம்பேடு காலனி
25.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன். சுகம் விசாரிக்கவில்லை என்று நினைக்காதே.

ஊர்த்தெருவில் ஒருவரும் முகாமுக்கு வரவில்லை. ஏன் என்பது சுதந்திர தின கிராம சபையில் தெரிந்தது. அப்பாவு எழுந்தார். "சோலாருக்கு நாங்க விரோதி இல்ல. ஊட்டுக்குள்ள பூந்து மாடிப்படி ஏறப் போறது யாரு? பூஜை ரூமுக்கு மேல காலு வெக்கப் போறது யாரு? மொதல்ல அத்தப் பேசுங்க" என்றார். அப்படியே சொன்னார் அக்கா, தேசியக் கொடிக்குக் கீழே நின்றுகொண்டு. ஒன்றியத்திலிருந்து வந்த அதிகாரி தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்கடேசன் நல்லவர் வேஷத்தில் எழுந்தார். "பெரியவங்க மனசு நோவக்கூடாது, வேலையும் நடக்கணும். பின்பக்கமா ஏணி வெச்சி ஏறட்டும். ஊட்டுக்குள்ள வர வேணாம். பூஜை ரூம் மூலையத் தொட வேணாம். தண்ணி கிண்ணி அவுங்களே கொண்டாரட்டும்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டது. "செரி. எம் புள்ளைங்க ஏணியிலயே ஏறுவாங்க." கை தட்டினார்கள் அக்கா. அடுத்த புதன்கிழமை முகாமில் வரிசை ரோடு வரைக்கும் நின்றது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "நீ தலைவரா, ஏணியா?" அம்மா சோற்றை வடித்துக்கொண்டே சொன்னது: "ஆமாண்டா, ஏணிதான். ரெண்டு மாசம் ஏணி. அதுக்கப்புறம் காலனி மொத்தத்துக்கும் கூரை. ரோஷத்த எடுத்து ஊட்டு மேல போட்டுக்க, நெழல் தருதா பாக்கலாம்."

நான் போகமாட்டேன் என்றிருக்கிறேன். நீ சொல், போகட்டுமா?

ஜோஷ்வா

அக்கா, பூஜை ரூம் எந்த மூலைன்னு மேலேந்து பாத்தா எனக்கு இன்னா தெரியும்? சாமியையே கை தூக்கச் சொல்லணும். - ஸ்டீ.


நவதுறவு இல்லம்
8.9.2024

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவரின் சமாதானம். உன் கடிதத்தை மதரும் படித்தார்கள். இருவரும் இதைப் பற்றிப் பேசினோம்.

அம்மா எடுத்தது எளிதான முடிவல்ல. ஒரு நல்ல நோக்கத்துக்காகத் தாழ்ந்து போவது தோல்வி ஆகாது. படியில் ஏறினால் என்ன, ஏணியில் ஏறினால் என்ன, மேலே போவதுதானே வேலை? போ. அம்மாவுக்குத் துணையாக இரு.

இது மதரின் கருத்து. என் கருத்தும்தான்.

இங்கே மாடிப்படி உள்ளேதான் இருக்கிறது. ஆனால் நானும் தர்மபுரிச் சகோதரியும் கொட்டகை வேலையிலிருந்து நேராக வருவதால் வெளியிலுள்ள இரும்புப் படியில் ஏறுகிறோம். அது வசதியாகவே இருக்கிறது.

ஸ்டீவனுக்கு முத்தங்கள்.

அக்கா,
சுகிர்தா


கொன்னம்பேடு காலனி
29.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். எல்லோரும் சுகம். நீ சொன்னபடி போனேன்.

வேலை எப்படி நடக்கிறது என்று எழுதுகிறேன், மதரும் தெரிந்துகொள்ளட்டும். நாங்கள் போவதற்கு முன் வீட்டுக்கார அம்மா உள்படி வழியாக மாடிக்கு ஏறி, பூஜை அறைக்கு மேலே உள்ள மூலையைக் கோலமாவால் கோடு போட்டு அடைத்துவிட்டு இறங்கிவிடுவார். பிறகு நாங்கள் பின்சுவரில் அலுமினிய ஏணியைச் சாத்தி ஏறுவோம். கோட்டைத் தாண்டக்கூடாது. ஒரு வீட்டில் நல்ல வெயில் விழும் இடமே அந்த மூலைதான். அதை விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் பேனலை மாட்டினோம். கரண்டு குறையும் என்று சொன்னேன். "கொறஞ்சா கொறயட்டும்" என்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே நடக்கிறோம், பேனலைக் கயிறு கட்டி இழுக்கிறோம், அவர்கள் வீட்டு வயரில் கை வைக்கிறோம். வாசலில் மட்டும் கால் வைக்கக்கூடாது. குடிக்கத் தெருக்குழாய்.

இன்னொரு கூத்து. சிப்காட் புகைக்கரி விடிந்தால் பேனல் மேல் மை பூசியதுபோலப் படிந்திருக்கிறது. வாரம் ஒரு முறை கழுவாவிட்டால் பாதி கரண்டு கூட வராது. எட்டடி உயரக் கம்பிச் சட்டத்தில் ஏறிக் கழுவவேண்டும். அதுவும் எங்கள் தலையில்தான். அதற்கும் ஏணி.

அம்மாவின் போனில் காலையும் மாலையும் ஒரே கேள்வி: "இன்னைக்கு எத்தன கூரை?" மாவட்டத்தில் நாம்தான் முன்னணியாம். அம்மா தூங்குவதில்லை. காலனி வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எதை முதலில் இடிப்பது என்று முடிவு செய்து வைத்திருக்கிறது. நம் வீட்டைக் கடைசியில் வைத்திருக்கிறது. தலைவர் வீடு என்று ஒருவரும் பேசிவிடக்கூடாதாம்.

பெரிய மாடி ஒன்று பாக்கி. அப்பாவு வீடு. மழை தொடங்கிவிட்டது.

ஜோஷ்வா

அக்கா, ஏணி ஏறதுல நான்தான் ஃபர்ஸ்ட்டு. அண்ணன் ஒவ்வொரு படியா யோசிச்சிகினே ஏறுவான். மேலேந்து பாத்தா நம்ம ஊட்டுக் கூரை ஓலைப்பாய் சைஸ்ல தெரியுது. டிசம்பர்ல உன்ன பாக்க புதுச் சட்டை வாங்கிக்கினேன், நீலம். - ஸ்டீ.


நவதுறவு இல்லம்
13.10.2024

அன்புத் தம்பிகளுக்கு,

ஆண்டவரின் சமாதானம். எனக்கு இலேசான சளி, மற்றபடி நலம். மாவட்டத்தில் முதலிடம் என்று படித்ததும் மதர் காலை ஜெபத்தில் நம் ஊராட்சியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வார்த்தைப்பாட்டுக்கு வெள்ளைத்துணி வெட்டிவிட்டார்கள். ஸ்டீவனின் நீலச்சட்டை என் பக்கத்தில் நன்றாக இருக்கும்.

மழையில் ஏணி வழுக்கும். ஒருவர் ஏறும்போது மற்றவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

உடனே பதில் எழுதுங்கள்.

சுகிர்தா


கொன்னம்பேடு காலனி
10.11.2024

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம். இங்கு எல்லோரும் சுகம்.

கேடயம் நமக்குத்தான். திருவள்ளூரில் விழா. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் வாங்கிவந்தது. வெங்கடேசன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஸ்டீவன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறான். ஊத்துக்கோட்டைப் பக்கம்.

நைனா சுகம்.

ஜோஷ்வா


நவதுறவு இல்லம்
24.11.2024

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவரின் சமாதானம். கேடயச் செய்திக்கு மகிழ்ச்சி. உன் கடிதத்தில் மகிழ்ச்சி இல்லை. ஏன்?

மடிக்கிற ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது. ஊத்துக்கோட்டைக்குப் போனவன் ஞாயிற்றுக்கிழமை கூடவா வீட்டுக்கு வரவில்லை? ஊத்துக்கோட்டை என்ன கடல் தாண்டியா இருக்கிறது? அங்கிருந்து ஒரு கார்டு போடச் சொல். எதற்காவது கோபமா என்று கேள்.

டிசம்பர் எட்டு காலை பத்து மணிக்குத் திருப்பலி. நான்கு பேருக்கும் இருக்கை ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சுகிர்தா


கொன்னம்பேடு காலனி
15.12.2024

அக்கா,

வார்த்தைப்பாடு நல்லபடியாக முடிந்தது என்று நைனா சொன்னார். அவர் மட்டும் வந்ததற்கும், விருந்தில் இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்ததற்கும் காரணத்தை இப்போது சொல்கிறேன். எட்டாம் தேதி வரைக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தது. "அவளாவது ஒரு எடத்துக்குப் போய்ச் சேரட்டும்" என்றது.

ஸ்டீவன் ஊத்துக்கோட்டையில் இல்லை. அக்டோபர் இரண்டாவது வாரத்தில் அப்பாவு வீட்டு ஏணியிலிருந்து விழுந்துவிட்டான். முதுகெலும்பு. சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்து, போன மாதக் கடைசியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. நடக்கமாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் உள்ளே கிரானைட் படி இருக்கிறது. கைப்பிடிக்கு எவர்சில்வர் குழாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பளபள என்று இருந்தது. நாங்கள் ஏணி சாத்திய இடம் பின்பக்கம், குளியலறைத் தண்ணீர் ஓடிப் பாசி பிடித்த இடம். முன்பக்கமாகச் சாத்திக்கொள்கிறோம் என்று கேட்டேன். அப்பாவுவின் மனைவி ஜானகியம்மாள், "முன்னாடி ஏணி வெச்சா பாக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றார்.

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு மழை விட்டுக் கடும் வெயில். தொண்டை வறண்டது. மேலே எல்லாம் மாட்டியாயிற்று, ஸ்டீவன் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தான். "கொஞ்ச நேரம் எறங்காத, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்றேன். அந்த வீட்டுக் கிணற்றடி பத்தடி தூரத்தில். நான் போகவேண்டியது தெருக்குழாய்க்கு, சந்தைச் சுற்றிக்கொண்டு. திரும்பி வரும்போது சத்தம் கேட்டது. எனக்கும் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வா என்று சொல்ல மறந்துவிட்டான், அதைச் சொல்லத்தான் இறங்கினானாம். ஆம்புலன்சில் அதைச் சொல்லிச் சிரித்தான்.

பையன் குடித்திருந்தான் என்று வெங்கடேசன் ஊரெல்லாம் சொன்னார். அவன் தங்கள் ஆள் இல்லை, ஊராட்சி அனுப்பிய ஆள் என்று கம்பெனி சொன்னது. போலீசுக்குப் போகலாம் என்றேன். அம்மா, "இன்னான்னு குடுப்பேன்? ஊரு கூடியிருக்கறப்ப ஏணின்னு ஒத்துக்கினது நான்தானடா?" என்றது.

அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதுதான் கேடயம் வாங்கப் போனது. நான் அம்மாவைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன். "அத்த வாங்கலன்னா அவன் வுழுந்தது வீணாப் பூடும். பரிசு நிதி வரும். இந்தக் கூரைய இடிச்சி, அவன் படுக்கற எடத்துக்கு மேல மொதல்ல சோலார் போடுவேன்" என்றது.

நைனா ஒன்றே ஒன்று சொன்னார்: "நான் தூக்கினு போன சிமென்டு மேலதான் ஏறி வுழுந்துகீறான்."

படியில் ஏறினால் என்ன, ஏணியில் ஏறினால் என்ன என்று எழுதினாய். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது.

ஜோஷ்வா


2.1.2025

ஜோஷ்வா,

இதை மதர் படிக்கவில்லை. காய்கறி கொண்டுவரும் அம்மாவிடம் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன்.

நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது. எழுதும்போதே தெரியும்.

நான் இங்கு வந்த முதல் வாரத்தில் ஒரு சகோதரி கேட்டார்: "உங்க வீடு ஊருக்குள்ளயா, காலனியா?" காலனி என்றேன். அடுத்த நாள் கொட்டகை. வெளியில் இருக்கும் இரும்புப் படியும் அன்றிலிருந்துதான். சாணி நாற்றம் என்பது நானே எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். குளித்துவிட்டு வந்தாலும் அதே படிதான். உனக்கு அந்த வரியை எழுதிய அன்று காலையில்கூட அதில்தான் ஏறிவிட்டு வந்திருந்தேன். உன்னை ஏறச் சொன்னது எனக்கே சொல்லிக்கொண்டதுதான்.

ஸ்டீவனைப் பார்க்க விடுப்புக் கேட்டேன். ஈஸ்டர் முடியட்டும் என்றார்கள். நான் அவ்வளவு நாள் இருக்கமாட்டேன்.

அவனுக்கு முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறீர்களா? யார் திருப்புகிறார்கள்?

சுகிர்தா


கொன்னம்பேடு காலனி
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டீவனுக்குப் படித்துக் காட்டினேன். இரும்புப் படி வரியை மறுபடி படிக்கச் சொன்னான். அவனை நானும் நைனாவும் திருப்புகிறோம். புண் இல்லை. நீ எப்போது வந்தாலும் வா. ரயிலுக்கு ஆள் வேண்டுமானால் சொல், கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நிற்கிறேன்.

அம்மாவின் பதவி ஜனவரி ஐந்தாம் தேதி முடிந்தது. இப்போது அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம். பரிசு நிதி அதற்குப் பிறகு வந்தது. காலனி வீடுகள் தனியார் வீடுகளாம், பொது நிதியில் அவற்றுக்குக் கூரை போட விதி இல்லையாம். ஊர்த்தெரு முழுக்க சோலார் விளக்குக் கம்பம் நட்டுவிட்டார்கள், கோயில் குளம் வரைக்கும். காலனிக்குத் திரும்பும் முனையில் கடைசிக் கம்பம். அம்மா அலுவலகத்துக்குப் போய்க் கேட்டது. "முன்னாள் தலைவர்னா மனு குடுங்க, பாக்கறோம்" என்றார்களாம். கேடயம் வீட்டில் இருக்கிறது. மழையில் ஒழுகும் இடத்தில் அம்மா அதைக் கவிழ்த்து வைத்திருந்தது. நான் எடுத்துப் பரண் மேல் போட்டேன்.

ஒரு காரியம் செய்தோம். பேனல் கழுவப் போகிற காலனிப் பையன்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். இனிமேல் உள்படியில் விட்டால் ஏறுகிறோம், இல்லையென்றால் இல்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. கூப்பிட்ட வீட்டிலெல்லாம் இதையே சொன்னோம். ஒரு வீடும் கதவைத் திறக்கவில்லை. பொங்கல் முடிந்து கரி படிந்து படிந்து, ஊர்த்தெருவின் மாடிகளெல்லாம் தார் பூசியதுபோல ஆகிவிட்டன. மாவட்டத்தின் முதல் சோலார் ஊராட்சி என்று நுழைவாயிலில் போர்டு. சோலார் மீட்டர் நகரவில்லை. திறப்பார்கள் என்றுதான் நினைத்தேன் அக்கா. பில் வந்தால் திறப்பார்கள் என்று.

போன வாரம் அப்பாவு வீட்டு மாடியில் ஓர் ஆள் பேனலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஏணி இல்லை. கொஞ்ச நேரத்தில் அவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கிரானைட் படியில் இறங்கி முன்வாசல் வழியாக வெளியே வந்தான். ஜானகியம்மாள் அவனுக்கு எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுத்தார். குடித்துவிட்டு டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தான்.

டீக்கடையில் அவனைப் பிடித்தேன். பெயர் சுபாஷ், ஒடிசாக்காரன், சிப்காட்டில் இரும்புக் கம்பெனி வேலை. இங்கு வந்து சில வருடம் ஆகிறது, தமிழ் தட்டித் தடுமாறி வருகிறது. இப்போது ஊர்த்தெரு மாடிகளெல்லாம் அவனும் அவன் கூட்டாளிகளும்தான் கழுவுகிறார்கள். உள்படியில் விடுகிறார்களா என்றேன். "விடுது. நல்ல ஆளுங்க" என்றான். உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டேன். முதலில் சிரித்தான். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல நம்ம தெரு தனி பாய். கெணறு தனி. கோயில் உள்ள போக மாட்டேன். இங்க யாரும் கேக்கல. நான் சொல்லல" என்றான்.

அந்தக் கோலமாவுக் கோட்டையும் அவனுக்குப் போடுவதில்லை. பூஜை அறைக்கு மேலேயே நின்று கழுவுகிறான்.

எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. நேராகப் போய் அப்பாவுவின் வாசலில் நின்று, "நீ உள்ள வுட்டது யாரைத் தெரியுமா?" என்று கத்தவேண்டும்போல இருந்தது. தெருமுனை வரைக்கும் போனேன். கடைசிக் கம்பத்தடியில் நின்றேன். சொன்னால் அந்தக் கிழவர் வீட்டைக் கழுவிவிடுவார். மறுநாள் சுபாஷுக்கும் ஏணி வந்துவிடும். பின்பக்கத்துப் பாசி அப்படியேதான் இருக்கிறது.

திரும்பி வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டீவனிடம் மட்டும் சொன்னேன். வெகுநேரம் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது. நைனா தூக்கம் கலைந்து என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்றோம்.

மடிக்கிற ஓரம் அவனுக்கு. இந்தத் தடவை நிறையவே விட்டிருக்கிறேன்.

உன் தம்பி,
ஜோஷ்வா

அக்கா, ஸ்டீவன். மல்லாக்கப் படுத்துகினு எழுதனா பேனா வரமாட்டேங்குது, அதான் பென்சிலு. அந்தக் காரை வுழுந்த எடத்துல இப்ப சந்து வுட்டுடுச்சி. வெயிலு ஏறனா அது வழியா நேரா உள்ள எறங்குது. காலனிலயே மொதல்ல சோலார் வந்தது நம்ம ஊட்டுக்குத்தான், நீ மதர் கிட்ட சொல்லு. தெனமும் என் காலு மேலதான் வந்து உக்காருது. சுடுதாடான்னு அம்மா கேக்குது. தொட்டுப் பாத்து நீயே சொல்லுன்னேன்.